ஆர்டித்தின் தபாலை நான் எடுத்து வைத்தேன்

பெர்டினாவின் பாதாம் பேஸ்ட்ரியில் இரண்டாவது துண்டு கேட்காமல் யாரும் இந்த வீட்டிலிருந்து எழுந்து போனதில்லை. வெண்டல், உங்கள் தட்டில் முதல் துண்டே அப்படியே இருக்கிறது. வயிறு சரியில்லை என்றால் சொல்லுங்கள், இஞ்சி பிஸ்கெட் இருக்கிறது. ஹார்லன், அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். சுவர்ப் பக்கம் சாய்ந்து உட்காருங்கள்.

மூப்பர்கள் இரண்டு பேராக வந்து ஒவ்வொரு வீட்டையும் சந்திப்பது நம் சபையில் ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்த வழக்கம். என் அப்பாவும் இந்த அறையில்தான் உட்கார்ந்து, ஆத்துமா சுகமா என்று கேட்டவர்களுக்குச் சுகம் என்று பதில் சொன்னார். ஆனால் நீங்கள் அறுவடை முடிந்த பிறகுதானே வருவீர்கள். இப்போது ஆகஸ்ட். சோளம் இன்னும் வயலில் நிற்கிறது. அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆர்டித் ஹூக்ஸ்ட்ரா அம்மாளின் வீட்டு விஷயமாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று கதவைத் திறக்கும்போதே தெரிந்துகொண்டேன்.

ஆர்டித் நினைத்திருந்தால் என்மேல் வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரே திருவிருந்தில் அப்பம் பிட்டுச் சாப்பிடுகிறவர்கள் ஒருவரையொருவர் நீதிபதி முன்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று நம்மைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவர் எழுபத்தெட்டு வயதிலும் அதை மறக்கவில்லை. அதற்காக அவரை நான் மனதார மதிக்கிறேன். உங்களிடம் சொன்னார், நீங்கள் வந்தீர்கள். வருகிற ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால் வீட்டை அவர் பெயருக்கே நான் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேசைக்கு வர வேண்டாம் என்கிறீர்கள். நல்லது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

நான் ஏதோ கொட்டகையில் கள்ளச்சாராயம் காய்ச்சுவதுபோல் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் செய்வதெல்லாம் பிறர் கட்டாத வீட்டுவரியை மாவட்ட நிர்வாகமான கவுண்டிக்குக் கட்டுவதுதான். பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், சாலையில் பனி அள்ள வேண்டும், அதற்கு யாராவது பணம் கொடுக்கத்தானே வேண்டும். கவுண்டி எனக்கு ஒரு சான்றிதழ் தருகிறது. வீட்டுக்காரர் பிறகு அந்தப் பாக்கியை நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டியோடு கட்டித் தன் வீட்டை மீட்டுக்கொள்ளலாம். அந்த வட்டியை வைத்தது அயோவா சட்டசபை, நான் இல்லை. அநேகம் பேர் மீட்டுவிடுகிறார்கள். மீட்காதவருக்கு ஒன்றே முக்கால் வருடம் கழித்துப் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதிலிருந்து தொண்ணூறு நாள் அவகாசம். அதற்குள்ளும் கட்டாவிட்டால், சான்றிதழ் யார் கையில் இருக்கிறதோ வீடு அவருக்கு. இதில் இரக்கமும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது.

இந்தப் பாக்கிகளுக்கான ஏலம் ஜூன் மாதம், கவுண்டி வரி அலுவலகம் இருக்கும் கோர்ட்டுக் கட்டடத்தின் மாடியில் நடக்கும். நான் வீட்டிலிருந்தே ஒரு குஷனும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு போவேன். சிகாகோவிலிருந்து இளைஞர்கள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவன் ஒருமுறை என் பக்கம் சாய்ந்து, "பெரியவரே, இந்த ஊர்ல நல்ல தெரு எது?" என்று கேட்டான்.

"எங்க ஊர்ல எல்லாத் தெருவும் நல்ல தெருதான் தம்பி" என்றேன்.

"அப்ப வரி கட்டாத நல்லவங்க எந்தத் தெருல இருக்காங்க?" என்றான்.

பாருங்கள், எப்படிப்பட்ட பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரியாதவன் கையில் ஒரு வீட்டின் கதி போய்விடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அன்றைக்குத்தான் உறுதிப்பட்டது. அங்கே யாரும் கத்தி விலை ஏற்றுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கணினி ஓர் எண்ணைப் பொறுக்கும். யாருடைய எண் வருகிறதோ அந்த வீட்டுப் பாக்கி அவருக்கு. வேண்டாம் என்று தலையாட்டினால் அடுத்த எண்ணுக்குப் போகும். சிகாகோக்காரர்கள் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். எல்லாம் முன்பே குறிக்கப்பட்டது என்று ஏழு வயதிலேயே மனப்பாடம் செய்த நமக்கு, அதிர்ஷ்டம் என்று ஒன்று கிடையாது என்பது தெரியும். ஆர்டித்தின் வீடு என் எண்ணுக்கு வந்தது. நான் கேட்கவில்லை, தானாக வந்தது.

சரியாகச் சொன்னால் அது பெர்டினாவின் எண். ஆளுக்கு ஓர் எண்தான் என்று விதி இருக்கிறது. என் மனைவி என்றாலும் பெர்டினா வேறு ஆள். டென்வரில் இருக்கும் எங்கள் மகன் வேறு ஆள். நான் ஆரம்பித்த எபிநேசர் நிலச்சொத்து நிறுவனமும் சட்டப்படி வேறு ஆள். ஆண்டவருடைய சித்தம் நுழைவதற்கு நான்கு கதவுகளைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். எந்தக் கதவில் வந்தாலும் சான்றிதழைப் பிறகு எபிநேசர் பெயருக்கு மாற்றிக்கொள்வோம்.

ஏலத்துக்கு முன்னால் வரிப்பாக்கிக்காரர்களின் பெயர்கள் கவுண்டிப் பத்திரிகையில் வெளிவருவது உங்களுக்குத் தெரியாததில்லை. ஹார்லன், உங்கள் விதைக் கடையில் அந்தப் பக்கம் மட்டும் கசங்கிப்போய்க் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் வாசிக்கிறோம். ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒருவர் கடனை அவர் காதில் படப் பேசுவதைவிட, சாப்பாட்டு மேசையில் துப்புவதை நம் ஊர் மன்னித்துவிடும். பேசுவதற்குப் பதிலாகச் சமைக்கிறோம். ஜூன் மாதத்தில் ஒரு வீட்டு வாசலில் நூடுல்ஸும் டூனா மீனும் போட்டு அடுப்பில் வேகவைத்த பாத்திரம் வந்து உட்கார்ந்தால், அந்த வீட்டுக்காரர் ஈயத்தாளைப் பிரிப்பதற்கு முன்பே விஷயத்தைப் புரிந்துகொள்வார். மறுநாள் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டுவார். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் முடிந்துவிடும். இதைவிட நாகரிகமான ஊர் எங்கே இருக்கிறது?

ஆர்டித்தின் பெயர் வந்த வாரம் அவர் வாசலுக்கு ஆறு பாத்திரங்கள் போயின. உங்கள் மனைவியின் பீன்ஸ் பாத்திரம் அதில் ஒன்று, வெண்டல். பெர்டினாவும் ஒன்று கொண்டுபோனாள். ஆர்டித் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"கெரிட், லெஸ்டர் போய் இந்த வாரத்தோட ஒரு வருஷம். நான்தான் ஊமை மாதிரி உள்ள வெச்சுக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். எல்லாருக்கும் ஞாபகம் இருந்திருக்கு, பாரு. ஃப்ரிட்ஜுல இடமே இல்ல."

கணவரின் நினைவு நாளுக்கு வந்த பாத்திரங்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். என்னால் என்ன சொல்ல முடியும்? இல்லை ஆர்டித், இது லெஸ்டருக்காக இல்லை, உங்கள் வரிப்பாக்கிக்காக என்றா? ஒரு விதவையின் ஆறுதலை அப்படிப் பிடுங்குகிறவன் மனிதனா? அந்தக் கேள்வியை நான் அன்றைக்கே என்னிடம் கேட்டுக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் எப்படிப் பாக்கிக்காரர் ஆனார் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுவரி இரண்டு தவணை, செப்டம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. நாற்பது வருடமும் லெஸ்டர்தான் போய்க் கட்டினார். அவர் போன பிறகு ஆர்டித் செப்டம்பர் தவணையைக் கட்டிவிட்டு, அதுவே முழு வருடத்துக்கும் என்று நினைத்துக்கொண்டார். "வரியை முழுசா கட்டிட்டேன் கெரிட். லெஸ்டர் இருந்தா ஆச்சரியப்பட்டுப் போயிருப்பான்" என்று என்னிடமே சொன்னார். பெருமையோடு சொன்னார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் திருத்தியிருக்க மாட்டீர்கள்.

மறு வருடமும் அதையே செய்தார். மார்ச் தவணை மறுபடி நின்றது. சான்றிதழ் வைத்திருப்பவர் அதையும் கட்டித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அவகாசம் தாண்டிய அன்று காலையிலேயே போய்க் கட்டிவிட்டேன். நான் கட்டியிருக்காவிட்டால் அவர் பெயர் மறுபடி பத்திரிகையில் வந்திருக்கும், மறுபடி பாத்திரங்கள் போயிருக்கும், இரண்டாம் முறையாவது யோசித்திருப்பார். அந்த அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்றினேன். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டியதில்லை என்று வளர்ந்தவன் நான்.

பிறகு அந்தப் பிப்ரவரி. ஆர்டித் வீட்டு வாசலில் இரண்டு நாள் பத்திரிகை எடுக்காமல் கிடந்ததை யார் கவனித்தது? தெருவில் பதினோரு வீடுகள். நான்தான் கவனித்தேன். பின்கதவைத் தள்ளிக்கொண்டு போனால், சமையலறைத் தரையில் இடுப்பு முறிந்து கிடக்கிறார். என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் சொன்னேன். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். இதைப் போதகரிடம் யாராவது சொன்னீர்களா? வீட்டை எடுத்துக்கொண்டவன் என்கிறீர்கள். உயிரைத் திருப்பிக் கொடுத்தவன் என்று ஏன் ஒருவருக்கும் வாயில் வரவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது ஆர்டித் என் கையில் சாவியை வைத்தார். "கெரிட், செடிக்குத் தண்ணி ஊத்து. தபாலை எடுத்து வெச்சுடு. வேற யார்கிட்டச் சொல்றது" என்றார்.

இரண்டையும் செய்தேன். ஒரு செடிகூட வாடவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவரை டெமாயின் நகரத்தில் ஓர் இயன்முறைச் சிகிச்சை இல்லத்தில் சேர்த்தார்கள். இடுப்பு தேறும்போது நிமோனியா வந்தது. மார்ச்சில் அறிவிப்பு அனுப்பும் நாள் வந்தது. வேறொருவராக இருந்தால் சாதாரணத் தபாலில் அனுப்பிவிட்டுக் கை கழுவியிருப்பார். நான் சட்டம் சொன்னபடி சாதாரணத் தபாலிலும் அனுப்பினேன், ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். எந்த முகவரிக்கு? கவுண்டிப் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கு, அதாவது அவர் வீட்டுக்கு. சிகிச்சை இல்லத்துக்கு அனுப்பச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. கேட்காததைச் செய்து சட்டத்தைத் திருத்த நான் யார்?

நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தபால்காரி டெல்ஃபா படியேறி வந்தாள்.

"கெரிட், நீங்க இருக்கீங்களே, நல்லதாப் போச்சு. ஆர்டித்துக்குப் பதிவுத் தபால். எபிநேசராம். யாரு இவங்க, மிஷனரிக்காரங்களா?"

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"நன்கொடைக்குப் பதிவுத் தபால் போடுற அளவுக்குக் காலம் கெட்டுப்போச்சு. நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க. இந்தக் குளிர்ல நான் இன்னொரு தரம் ஏறி இறங்கணுமா?"

வயதான கால்கள், படியில் பனி. அவளுக்காகக் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் அந்த ஒப்புகைச் சீட்டு என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. என் கையெழுத்தை நானே பெற்றுக்கொண்டபோது கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. பெர்டினாவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை, அவளுக்கு நகைச்சுவை உணர்வு எப்போதுமே கொஞ்சம் குறைவு.

உறையைப் பிரித்தேனா என்று கேட்டீர்கள் ஹார்லன். பிறர் கடிதத்தை நான் வாழ்நாளில் பிரித்ததில்லை. தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே.

வியாழக்கிழமைதோறும் டெமாயினுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன், ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஆர்டித்துக்கு வந்த வாழ்த்து அட்டைகள், விதைப் பட்டியல்கள், சபைச் செய்தி மடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். பில்களையும் அலுவலகத் தபால்களையும் கொண்டுபோகவில்லை. படுக்கையில் கிடப்பவரிடம் யாராவது பில்லை நீட்டுவார்களா? அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு அவருடைய சமையல் சாமான் அறையில் மாட்டிவைத்தேன். இன்றும் அங்கேதான் தொங்குகிறது. ஒன்றுகூடத் தொலையவில்லை. வீடு இப்போது என்னுடையது என்பதால் அவரால் போய் எடுக்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

வெண்டல், நீங்கள் வங்கியில் வேலை பார்ப்பவர், அதனால் இந்தக் கேள்வி உங்களுக்குத்தான் தோன்றியிருக்கும். சபையின் நோயாளிச் சந்திப்பு ஊழியத்தை நான் எந்த வருடம் ஏற்றுக்கொண்டேன், சான்றிதழ் வாங்குவதை எந்த வருடம் ஆரம்பித்தேன் என்று கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே வருடம்தான். ஊழியமும் தொழிலும் வேறு வேறாக இருக்கக் கூடாது என்று நம் போதகர்தானே பிரசங்கம் செய்தார்.

ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பம் கேட்கும்போது பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் காது கொடுத்துக் கேட்கிறேன். யாருக்கு இடுப்பு, யாருக்கு இதயம், யாருக்கு மறதி என்று மனதில் வாங்கிக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். இடுப்பு என்றால் மூன்று நான்கு மாதம் வீட்டில் ஆள் இருக்காது. இதயம் என்றால் பிள்ளைகள் எங்கிருந்தாவது வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லா அலமாரியையும் குடைவார்கள். அது நச்சுப் பிடித்த வேலை. மறதிக்கு அவசரமே இல்லை. ட்யூனிஸ் ப்ளூமுக்கு மறதி. அவர் தோட்ட வீட்டை நான்தான் வாங்கினேன் என்று அவருக்கே நாலைந்து முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல ஆள் கைக்குத்தான் போயிருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார். வெல்டுயிசன் சகோதரிகளின் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். நீங்கள் ஆர்டித்தைப் பற்றி மட்டும்தான் கேட்டு வந்தீர்கள் என்பதால் விரிக்கவில்லை.

ஜூன் மாதம் பத்திரம் என் நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. ஆர்டித் அதே மாதக் கடைசியில் திரும்பி வந்தார். சக்கர நாற்காலி ஏற்றும் வேனில் வந்து இறங்கினார். நான் வாசலில் நாற்காலி போட்டு, காப்பியோடு காத்திருந்தேன். செய்தியைச் சொல்லும் பொறுப்பை வேறு யாரிடமோ விட்டுவிட எனக்கு மனம் இல்லை.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினார். தன் கைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தார்.

"கெரிட், திரும்ப மாட்டேங்குது."

"பூட்டை மாத்தியாச்சு, ஆர்டித்."

"ஐயோ, திருடன் கிருடன் வந்தானா?"

"இல்ல."

"எதுக்கும் மாத்தினது நல்லதுதான். நீ இல்லன்னா எனக்கு இதெல்லாம் தோணியிருக்காது" என்றவர், புதுச் சாவிக்காக என்னிடம் கையை நீட்டினார்.

பொய் சொல்லவில்லை. அந்த நீட்டிய கை இன்னும் கண்ணில் நிற்கிறது. உட்காரவைத்து, காப்பியைக் கையில் கொடுத்து, சான்றிதழிலிருந்து பத்திரம்வரை பொறுமையாக விளக்கினேன். அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. குடிக்காத காப்பியைப் பக்கத்தில் வைத்தார். அப்புறம், "உள்ள போய் என் ஸ்வெட்டரை எடுத்துக்கலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

நானே போய் எடுத்து வந்து தோளில் போர்த்தினேன். அந்த வேன்காரரையே காத்திருக்கச் சொல்லி, அடுத்த ஊரில் இருக்கும் அவர் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். வாடகையை என் கையிலிருந்து கொடுத்தேன். அங்கே தையல் அறையில் ஒரு சோபாவில் படுத்துக்கொள்கிறாராம். இடுப்புக்கு சோபா நல்லதில்லை, யாராவது அந்த அம்மாளிடம் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்பதற்கு வருகிறேன். எண்ணூறு டாலர் சொச்சம் பாக்கிக்கு ஒன்றே முக்கால் லட்சம் டாலர் வீடா என்கிறீர்கள். தொகையைப் பார்க்காதீர்கள், வெண்டல். ஒழுங்கைப் பாருங்கள். சிறியதில் உண்மையாக இருக்கத் தெரியாதவர்களுக்குப் பெரியது எப்படி நிலைக்கும்? வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஆர்டித்துக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தவன் ஆவேன்? தவிர, செப்டம்பரில் குடிவரப் பல் டாக்டர் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மீற என்னால் ஆகாது.

ஆனால் நான் பிடிவாதக்காரன் இல்லை. மூப்பர் சங்கம் இதை அவசரப்படாமல் ஆராயட்டும். மாதம் ஒரு கூட்டம்தானே நடக்கிறது; இந்த மாதம் வாசியுங்கள், அடுத்த மாதம் ஜெபியுங்கள், ஒரு குழு வையுங்கள், நம் சபைகளின் பேரவையிடமும் கருத்துக் கேளுங்கள். இந்த மாதிரிப் பத்திரங்களைக் கோர்ட்டில் மறுக்கக் கெடு ஒன்று இருக்கிறது. அது கடந்துவிட்டால் எல்லாருடைய மனமும் அமைதியாகிவிடும், ஆற அமரப் பேசலாம். அதுவரை திருவிருந்து மேசைக்கு வர வேண்டாம் என்றால் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நான் பொய் சொன்னேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. நீங்கள் இருவரும் வாசித்தீர்கள், உங்கள் வீட்டுப் பெண்கள் சமைத்தார்கள், ஒருவரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத ஒருவரிடம் அவர் கடனைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் மரியாதை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டிருந்தால்...

என்ன ஹார்லன்?

ஏப்ரலில் வந்த தொலைபேசி அழைப்பா.

பெர்டினா சொன்னாளா? எப்போது? ஓ, உங்களை அழைத்ததே அவள்தானா. அவள் சமையலறையில் ஏதோ வேலையாக இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். மதியத்திலிருந்து நெஞ்சுக்கரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும். அவள் சொன்னது சரிதான். அவளும் அப்போது இந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆர்டித் சிகிச்சை இல்லத்திலிருந்து கூப்பிட்டார். காலை உணவு நேரம். குரலில் கொஞ்சம் பதற்றம்.

"கெரிட், கண்ணு முழிச்சதும் திடீர்னு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. லெஸ்டர் பனி உருகுற நேரத்துலயும் ஒரு தரம் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போவானே. வருஷத்துக்கு ரெண்டு தரம் போவான். நான் ஒரு தரம்தான் போனேன். அங்கருந்து ஏதாவது கடுதாசி வந்திருக்காப்பா? வந்திருந்தா இன்னிக்கே செக் எழுதிடுறேன். செக் புத்தகம் பைலயேதான் இருக்கு."

தொண்ணூறு நாளில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஒப்புகைச் சீட்டு, இதோ இந்த உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது.

"ஒண்ணும் வரல, ஆர்டித்" என்றேன். "நீங்க காலை நீட்டிப் படுத்து ரெஸ்ட் எடுங்க. வந்தா நான் சொல்ல மாட்டேனா?"

"அதானே. நீ பாத்துக்கிட்டா எனக்கு என்ன கவலை" என்று போனை வைத்துவிட்டார்.

எழுதிக்கொள்கிறீர்களா ஹார்லன்? எழுதுங்கள். ஆனால் முழுதாக எழுதுங்கள். அவர் நினைத்திருந்தால் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். வெண்டலைக் கேட்டிருக்கலாம். போதகரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் சொன்ன ஒரே வார்த்தை அவருக்குப் போதுமாக இருந்தது. இந்தச் சபையில் என் பேச்சை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?